ரிட்டர்ன் கோடு 4, ஆனால் பாலிசி இல்லை: 4 ஜி.பி. எல்லையைத் தொட்ட ஒரு கோபோல் மாஸ்டர் ஃபைல்

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் எல்லாப் பாலிசிகளின் விவரமும் இருக்கும் மாஸ்டர் ஃபைலில் நடந்ததைப் பற்றியது இந்த ஆய்வு. சென்னையிலிருந்து எங்கள் குழு பராமரித்து வந்த மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) அமைப்பு அது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கோபோல் என்ற பழைய வணிகக் கணினி மொழியில் இதே முறையில் எழுதப்பட்ட புரோகிராம்கள் வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று பல இடங்களில் இன்றும் இரவு தவறாமல் ஓடுகின்றன.

பெரிய ஃபைல் என்றதும் டிஸ்க் போதுமா, இரவில் தொகுப்பாக ஓடும் பேட்ச் வேலை விடிவதற்குள் முடியுமா என்றுதான் முதலில் கேட்போம். இங்கே டிஸ்க் தாராளமாக இருந்தது. வேலையும் நேரத்துக்கு முடிந்தது. எந்த ஜாபும் அபெண்ட் ஆகவில்லை, அதாவது பாதியில் விழவில்லை. ஆனாலும் புதிதாக விற்ற பாலிசிகளில் ஒரு பகுதி மாஸ்டரில் ஏறவே இல்லை. ஃபைல் தன் எல்லையைத் தொட்டதைப் புரோகிராம் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். எல்லையை நீக்குவது சுலபமாக முடிந்தது. சத்தம் போடாத இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

அமைப்பு

மாஸ்டர் ஒரு விசாம் ஃபைல்; விசாம் என்பது மெயின்ஃப்ரேமில் ஃபைல்களைச் சேமித்துத் தேடும் ஐ.பி.எம். முறை. அதில் இது கே.எஸ்.டி.எஸ். வகை, அதாவது ரெக்கார்டுகள் சாவி வரிசையில் இருக்கும். சாவி (கீ), அதாவது ஒவ்வொரு ரெக்கார்டையும் அடையாளம் காட்டுவது, 10 எழுத்துப் பாலிசி எண். அதன் முதல் இரண்டு எழுத்துகள் காப்பீட்டு வகையைக் குறிக்கும். ஒரு ரெக்கார்டு 400 பைட். விசாம் ஒரே மூச்சில் படித்து எழுதும் துண்டான கன்ட்ரோல் இன்டர்வெல் 4,096 பைட். எங்கள் புழக்கத்தில் அது சி.ஐ.; பல சி.ஐ.க்கள் சேர்ந்த கன்ட்ரோல் ஏரியா சி.ஏ. இங்கே ஒரு சி.ஏ. ஒரு சிலிண்டர்.

தினமும் இரவு புது பாலிசிகளின் ஃபைல் வரும். ஒரு கோபோல் புரோகிராம் அதைப் படித்து ஒவ்வொன்றையும் மாஸ்டரில் எழுதும். அடுத்து என்டார்ஸ்மென்ட், அதாவது முகவரி, வாரிசு, தொகை போன்ற மாற்றங்கள். அப்புறம் ரின்யூவல். கடைசியாக மாஸ்டர் முழுவதையும் ஒரு சாதாரண வரிசை ஃபைலில் இறக்கி, அதிலிருந்து வெளி நிறுவனங்களுக்கு எக்ஸ்ட்ராக்ட், அதாவது தேவையான தரவின் பிரதி, போகும்.

ஏஜென்ட்கள் சில சமயம் ஒரே விண்ணப்பத்தை இரண்டு முறை அனுப்பிவிடுவார்கள். அப்படி வருவதைப் புது பாலிசி புரோகிராம் டூப்ளிகேட் என்று ரிஜெக்ட் ஃபைலில் ஒதுக்கிவிட்டு, ரிட்டர்ன் கோடு (ஜாப் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 4 வைத்து முடியும். ரிஜெக்ட் இல்லாத இரவே அபூர்வம் என்பதால் 4 வந்தாலும், ஜாப்களை வரிசையாக ஓட்டும் ஷெட்யூலர் அடுத்த ஜாபுக்குப் போய்விடும். இந்த ஏற்பாடு பல வருஷங்களாக நன்றாகவே நடந்தது.

எப்படித் தெரியவந்தது

முதல் புகார் என்டார்ஸ்மென்ட் பக்கத்திலிருந்து வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் முகவரி மாற்றம் கேட்டிருக்கிறார், பாலிசி இல்லை என்று திரும்பிவிட்டது. அவர் கையில் பாலிசிப் பத்திரம் இருக்கிறது, முதல் பிரீமியமும் கட்டியாகிவிட்டது. இப்படி ஒன்றிரண்டு எப்போதும் வரும். பெரும்பாலும் எண்ணைத் தப்பாகத் தட்டியிருப்பார்கள். ஆனால் அந்த வாரம் இப்படி வந்தவை அதிகம். கூடவே, புது பாலிசி ரிஜெக்ட்டும் வழக்கத்தைவிட நிறைய என்று அங்கிருந்து தகவல் வந்தது. கிளைகளிலிருந்து வரும் ஃபைல் இரண்டு முறை அனுப்பப்பட்டிருக்கும் என்று முடிவு கட்டி, அனுப்பும் தரப்பை விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் ஷிஃப்டில் இருந்த ஒரு தம்பி ரிஜெக்ட் ஃபைலைத் திறந்து, முதலில் கிடைத்த பாலிசி எண்ணை எடுத்து மாஸ்டரில் தேடினான். கிடைக்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று பார்த்துக்கொண்டே போனான். சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இது டூப்ளிகேட்னா ஒரிஜினல் எங்க இருக்கு?"

விசாரணையை நேர்வழிக்குக் கொண்டுவந்தது அந்தக் கேள்விதான். இரண்டாவது பிரதி என்று ஒதுக்கியிருக்கிறது, ஆனால் முதல் பிரதி எங்கேயும் இல்லை. அப்படியானால் டூப்ளிகேட் என்று சொன்ன புரோகிராமைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே வரியில் இருந்த காரணம்

புரோகிராமில் ரெக்கார்டை எழுதும் ரைட் கட்டளைக்குக் கீழே "இன்வேலிட் கீ" என்று ஒரு வரி, அது வந்தால் டூப்ளிகேட் பத்திக்குப் போ என்று உத்தரவு. கோபோல் படித்தவர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே எழுதிப் பழகியது இது. பார்த்தால் தப்பே தெரியாது.

கோபோல் ஒவ்வொரு ஃபைல் செயலுக்குப் பிறகும் இரண்டு எழுத்து ஃபைல் ஸ்டேட்டஸ் தருகிறது. 00 என்றால் சரி. முதல் எழுத்து 2 என்றால் சாவி தொடர்பான சிக்கல்: 21 வரிசை தவறு, 22 டூப்ளிகேட், 23 ரெக்கார்டு இல்லை, 24 ஃபைலின் எல்லையைத் தாண்டி எழுத முயற்சி. இன்வேலிட் கீ என்ற வரி இந்த நான்குக்கும் பொதுவானது. எழுதியவர் மனதில் இருந்தது 22 மட்டும். வந்தது 24. ஃபைலில் இனி இடமில்லை என்று விசாம் சொன்னதை, இந்த பாலிசி ஏற்கனவே இருக்கிறது என்று புரோகிராம் எடுத்துக்கொண்டது.

ஃபைலை அறிவிக்கும் செலக்ட் வரியில் ஃபைல் ஸ்டேட்டஸ் கேட்டிருந்தார்கள். அதை எங்கேயும் சோதிக்கவில்லை. சிஸ்டம் தன் பங்குக்கு ஜாப் லாகில் ஐ.இ.சி.070ஐ (IEC070I) என்ற பிழைச் செய்தியை எழுதியிருந்தது. ரிட்டர்ன் கோடு 4-இல் முடிந்த ஜாபின் லாகை யார் திறந்து பார்ப்பார்கள்?

இன்னொன்றும் குழப்பியது. எல்லையைத் தொட்டதும் எல்லாப் புது பாலிசியும் நின்றுபோயிருந்தால் முதல் இரவே தெரிந்திருக்கும். கே.எஸ்.டி.எஸ்.-இல் அப்படி நடப்பதில்லை. புது ரெக்கார்டு ஃபைலின் கடைசியில் போய் உட்காராது. சாவி வரிசையில் அதற்குரிய சி.ஐ.யில்தான் போகும். அந்த சி.ஐ.யில் காலி இடம் இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் சி.ஐ. இரண்டாகப் பிரியும், அதற்கு அதே சி.ஏ.வுக்குள் காலி சி.ஐ. ஒன்று வேண்டும். அதுவும் இல்லாதபோது சி.ஏ.வே பிரிய வேண்டும். அதற்கு ஃபைலின் கடைசியில் புது சி.ஏ. வேண்டும், தேவைப்பட்டால் ஃபைல் நீள வேண்டும். இந்தக் கடைசி நிலைக்கு வந்தவைதான் 24 வாங்கின. நன்றாக விற்றுக்கொண்டிருந்த காப்பீட்டு வகைகளின் எண்கள் நெருக்கமாக இருந்ததால் அங்கே இடம் தீர்ந்திருந்தது. விற்பனை மந்தமான வகைகளில் இடம் மிச்சம் இருந்தது. அதனால் ஒரே இரவில் பாதி ஏறி, பாதி ஒதுங்கியது. அதைப் பார்த்தவர்களுக்கு அனுப்புகிற இடத்துக் குளறுபடி என்று தோன்றியதில் வியப்பில்லை.

4 ஜி.பி. எங்கிருந்து வருகிறது

ஃபைலின் விவரங்களைக் காட்டும் லிஸ்ட்கேட் கட்டளை போட்டதும் விஷயம் உறுதியானது. ஒதுக்கப்பட்ட கடைசி முகவரி 4294656000.

விசாம் 1970களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். கொண்டுவந்தது. ஃபைலுக்குள் ஒவ்வொரு பைட்டின் இடத்தையும் ஆரம்பத்திலிருந்து எண்ணிச் சொல்லும் முகவரிக்கு ஆர்.பி.ஏ. என்று பெயர், அதற்கு ஒதுக்கியது 4 பைட். 32 பிட்டில் 4294967296 முகவரிகள்தான் இருக்க முடியும். ஒரு ஃபைல் 4 ஜி.பி. ஆகும் என்று அன்று யாரும் யோசித்திருக்கத் தேவையில்லை.

3390 என்ற ஐ.பி.எம். டிஸ்க் வகையில் ஒரு டிராக்கில் 4,096 பைட் சி.ஐ. 12 அடங்கும். ஒரு சிலிண்டருக்கு 15 டிராக், ஆக 180 சி.ஐ., அதாவது 7,37,280 பைட். இப்படி 5,825 சிலிண்டர் போனால் அந்த 4294656000 வருகிறது. இன்னும் ஒரு சிலிண்டர் சேர்த்தால் 32 பிட்டைத் தாண்டிவிடும். எங்கள் ஃபைல் முதலில் 3,000 சிலிண்டர், பிறகு 25, 25 ஆக நீளும்படி டிஃபைன் ஆகியிருந்தது. 113 முறை நீண்டபின் சரியாக அங்கே வந்து நின்றுவிட்டது. டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான சிலிண்டர் காலியாகக் கிடந்தும் பயனில்லை.

இதையே ரெக்கார்டு கணக்கில் பார்க்கலாம். 4,096 பைட்டில் கட்டுப்பாட்டுத் தகவலுக்கு 10 பைட் போக 4,086. அதில் 400 பைட் ரெக்கார்டு 10 பிடிக்கும். ஆனால் ஃப்ரீஸ்பேஸ், அதாவது பின்னால் வருவதற்கு விட்டுவைக்கும் காலி இடம், சி.ஐ.யில் 10, சி.ஏ.வில் 10 சதவீதம் என்று இருந்ததால் லோடு செய்யும்போது சி.ஐ.க்கு 9 ரெக்கார்டு, சிலிண்டருக்கு 162 சி.ஐ.தான் நிரம்பும், ஆக சிலிண்டருக்கு 1,458 ரெக்கார்டு. 5,825 சிலிண்டரில் சுமார் 85 லட்சம். இடையில் நடந்த பிரிவுகளால் பல சி.ஐ.க்கள் பாதி காலியாகக் கிடந்தன. அதனால் 85 லட்சம் வருவதற்கு முன்பே, 80 லட்சத்தைத் தாண்டியதும் நின்றுபோனது.

இந்தக் கணக்கைப் போட அரை மணி நேரம் கூட ஆகாது. ஃபைல் டிஃபைன் செய்த அன்றே போட்டு டாக்குமெண்டில் எழுதி வைத்திருந்தால், இத்தனை லட்சம் பாலிசிக்கு மேல் இது தாங்காது என்று வணிகத் தரப்புக்கே தெரிந்திருக்கும். பைட் கணக்கு அவர்களுக்குப் புரியாது, பாலிசிக் கணக்கு நன்றாகப் புரியும்.

மெயின்ஃப்ரேம் பக்கம் வராதவர்களும் இந்தச் சுவரை வேறு உருவத்தில் பார்த்திருப்பார்கள். தமிழ்நாட்டுக் கடைகளிலும் மில்களிலும் கணக்கு எழுத ஓடிய ஃபாக்ஸ்புரோவில் ஒரு டேபிள் ஃபைல் 2 ஜி.பி.க்கு மேல் போகாது. குறிப்பு எழுதும் மெமோ ஃபைலுக்கும் அதே 2 ஜி.பி. எல்லை. டேபிள் சிறிதாக இருக்கும்போதே மெமோ ஊதிப்போய் நிற்பது அங்கே வாடிக்கை, ஏனென்றால் திருத்தி நீளமான குறிப்பு ஃபைலின் கடைசிக்குப் போகும், பழைய இடம் பேக் கட்டளை போட்டுச் சுருக்கும்வரை வீணாகக் கிடக்கும். மைக்ரோசாஃப்ட் 2004-இல் வெளியிட்ட விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 வரைக்கும் அந்த எல்லை மாறவில்லை; அதற்கான ஆதரவும் 2015 ஜனவரியோடு நின்றது. அங்கே வழி டேபிளை வருடவாரியாகப் பிரிப்பது, இல்லையென்றால் வேறு டேட்டாபேஸுக்கு மாறுவது. விசாம் ஆட்களுக்கு நல்லவேளையாக வேறு வழி இருந்தது.

முதலில் காப்பாற்ற வேண்டியவை

எல்லையை நீக்குவதற்கு முன் ரிஜெக்ட் ஃபைல்களைப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. ஏறாத பாலிசிகளின் விவரம் எங்களிடம் இருந்த ஒரே இடம் அவைதான். அவை ஜி.டி.ஜி.யாக வைக்கப்பட்டிருந்தன: குறிப்பிட்ட எண்ணிக்கைத் தலைமுறைகள் மட்டும் இருக்கும், புதிது வந்தால் பழையது போய்விடும். சிக்கல் தொடங்கிய இரவின் தலைமுறை வெளியேறும் நிலைக்கு வந்திருந்தது. எனவே முதல் கட்டளை ஆல்டர் போட்டு ஜி.டி.ஜி. லிமிட்டைக் கூட்டியது. இப்படி ஒரு நிலையில் மாட்டுகிறவர்கள் ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொண்டு இதை முதலில் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

அடுத்து, எல்லா ரிஜெக்ட்டையும் ஒன்றாகச் சேர்த்து, சார்ட் மென்பொருளில் இரண்டு ஃபைல்களைச் சாவி கொண்டு பொருத்தும் ஜாயின்கீஸ் வசதியால் மாஸ்டருடன் ஒப்பிட்டோம். மாஸ்டரில் சாவி இருந்தால் உண்மையான டூப்ளிகேட். இல்லையென்றால் ஏற வேண்டிய பாலிசி. அதிலும் ஒரே எண் இரண்டு முறை ரிஜெக்ட் ஆகியிருந்தால் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினோம்.

என்டார்ஸ்மென்ட்டும் இதே மாதிரி 23 வாங்கித் திரும்பியிருந்தது. மாஸ்டரில் பாலிசி இல்லாததால் முகவரி மாற்றம், வாரிசு மாற்றம் எல்லாம் வேறொரு ரிஜெக்ட் ஃபைலில் கிடந்தன. பாலிசிகளை ஏற்றியபின் இவற்றைத் தேதி வரிசையில் மீண்டும் ஓட்ட வேண்டும். இடையில் வாடிக்கையாளரே திரும்ப அழைத்து அதே மாற்றத்தை இரண்டாவது முறை கொடுத்திருக்கவும் கூடும். அவற்றை அந்த நாட்டு அலுவலகத்து ஊழியர்கள் கையால் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பொறுமையான வேலை இல்லாமல் தரவு சரியாகியிருக்காது.

தற்காலிகமாக இடம் உண்டாக்க மாஸ்டரை ரீஆர்க் செய்தோம், அதாவது இறக்கி மறுபடி சீராக அடுக்கினோம். ரெப்ரோ என்ற பிரதி எடுக்கும் கட்டளை மூலம் டேப்புக்கு இறக்கி, பழையதை டெலீட் செய்து, சி.ஐ. ஃப்ரீஸ்பேஸ் 0, சி.ஏ. ஃப்ரீஸ்பேஸ் 10 என்று டிஃபைன் செய்து திரும்ப ஏற்றினோம். பிரிவுகளால் வீணான இடம் திரும்பக் கிடைத்தது, சி.ஐ.க்கு 10 ரெக்கார்டு வந்தது. கொள்ளளவு சுமார் 94 லட்சம் ஆயிற்று. சி.ஐ.யில் இடமே விடாவிட்டால் இடையில் வரும் ரெக்கார்டுகளுக்கு உடனே பிரிவு தொடங்கும், வேகமும் குறையும். ஆனாலும் சில வாரம் மூச்சு விட அது போதும்.

நிரந்தரத் தீர்வு

கே.எஸ்.டி.எஸ்.-க்கு 4 ஜி.பி.யைத் தாண்டும் வசதி 1990களின் நடுவிலேயே வந்துவிட்டது. எக்ஸ்டெண்டட் அட்ரஸபிலிட்டி என்று அதற்குப் பெயர். ஃபைல் எஸ்.எம்.எஸ். (டிஸ்க் இடத்தைத் தானே நிர்வகிக்கும் ஐ.பி.எம். ஏற்பாடு) நிர்வாகத்தில் இருக்க வேண்டும். ஃபைலின் பண்புகளைச் சொல்லும் டேட்டா கிளாஸில் எக்ஸ்டெண்டட் ஃபார்மட்டும் இந்த வசதியும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். 4,096 பைட் சி.ஐ. உள்ள ஃபைலுக்கு உச்ச அளவு 16 டி.பி. ஆகிவிடும். ஏற்கனவே உள்ள ஃபைலை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. புதிதாக டிஃபைன் செய்து ஏற்ற வேண்டும். ஒரு வார இறுதியில், ஆன்லைன் வேலைகளை நடத்தும் சிக்ஸ் (CICS) பக்கத்தில் ஃபைலை மூடிவிட்டுச் செய்தோம். ஃப்ரீஸ்பேஸும் பழைய 10, 10-க்குத் திரும்பியது.

சாவியைக் கொண்டு படித்து எழுதும் கோபோல் புரோகிராம்களை மாற்ற வேண்டியதில்லை, மறுபடி கம்பைல் செய்யவும் வேண்டாம். பலரும் இதை நம்ப மறுக்கிறார்கள். அத்தனை புரோகிராமையும் மாற்ற வேண்டும் என்று பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது ஆர்.பி.ஏ.வை நேரடியாகப் பயன்படுத்தும் புரோகிராம்களை மட்டும்தான். எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது: ஆடிட்டுக்காக ரெக்கார்டின் ஆர்.பி.ஏ.வை 4 பைட்டில் குறித்து வைக்கும் பழைய அசெம்ப்ளர் புரோகிராம். அதைச் சாவி கொண்டு குறிக்கும்படி மாற்றினோம்.

இன்வேலிட் கீ வரிகளை ஒவ்வொரு புரோகிராமாகத் திருத்தினோம். இப்போது ரைட்டுக்குப் பிறகு ஸ்டேட்டஸ் 00 என்றால் மேலே போகும், 22 என்றால் ரிஜெக்ட், வேறு எது வந்தாலும் ஸ்டேட்டஸையும் கூடவே கிடைக்கும் 6 பைட் விசாம் குறியீட்டையும் பிரிண்ட் செய்துவிட்டு அபெண்ட். அந்த 6 பைட்டில் ரிட்டர்ன் கோடு 8, ஃபீட்பேக் 28 என்று வந்தால் இடமில்லை என்று பொருள். நடுராத்திரியில் ஜாப் விழுந்து யாரோ எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். அதுதான் நல்லது. ஏறாத பாலிசியோடு பச்சை விளக்கு காட்டும் இரவு அதைவிடப் பல மடங்கு மோசம்.

85 லட்சத்துக்கு அப்பால்

மாஸ்டரின் தடை நீங்கியதும் வேலை முடிந்ததாகப் பலர் நினைத்தார்கள். அதே ரெக்கார்டுகள் போகும் வழியில் அடுத்து எங்கே இடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் வந்தது மாஸ்டரை இறக்கும் வரிசை ஃபைல். சாதாரண வரிசை ஃபைல் ஒரு வால்யூமில், அதாவது ஒரு டிஸ்க்கில், 65,535 டிராக்குக்கு மேல் போகாது. 400 பைட் ரெக்கார்டுகளை 27,600 பைட் பிளாக்காகக் கட்டினால் டிராக்குக்கு இரண்டு பிளாக், அதாவது 138 ரெக்கார்டு. பெருக்கினால் 90,43,830. அதாவது 90 லட்சம் தாண்டியதும் அந்த ஜாப், இடம் போதவில்லை என்று சொல்லும் 37 வகை அபெண்டில் விழும். இதற்கு மருந்து, ஜாபை எப்படி ஓட்டுவது என்று எழுதும் ஜே.சி.எல்.-இல் ஒரே ஒரு சொல்: டி.எஸ்.என்.டைப் லார்ஜ். மெயின்ஃப்ரேமின் இயங்குதளமான இசட்/ஓ.எஸ். 1.7 முதல் இருக்கிற வசதி. இந்த எல்லை குறைந்தபட்சம் சத்தம் போடும் வகை, அதனால் அதிகம் பயமில்லை.

பயந்தது அடுத்ததற்கு. புரோகிராம்களில் ரெக்கார்டு எண்ணும் கவுன்டர்கள் எஸ்9(7) காம்ப்-3 என்று இருந்தன, அதாவது ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாகச் சுருக்கி வைக்கும் 7 இலக்க எண். 4 பைட்டில் 7 இலக்கமும் ஒரு குறியும். அரை பைட் கூட மிச்சமில்லை. 99,99,999-க்கு அடுத்து 1 கூட்டினால் 0. இடம் போதாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் ஆன் சைஸ் எரர் வரி இல்லாத ஆட் (கூட்டல்) கட்டளை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மேல் இலக்கத்தை வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு கோடி ரெக்கார்டு தயாரிக்க வேண்டியதில்லை. கவுன்டரின் தொடக்க மதிப்பை 99,99,990 என்று மாற்றிவிட்டு 20 ரெக்கார்டு ஓட்டினோம். கன்ட்ரோல் ரிப்போர்ட்டில் வந்த எண்ணிக்கை 10. அதைவிடக் கலவரமூட்டியது அடுத்த ஸ்டெப். எழுதிய புரோகிராமின் எண்ணிக்கையையும் படித்த புரோகிராமின் எண்ணிக்கையையும் ஒப்பிடும் பேலன்சிங் ஜாப் எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக் கவுன்டர், இரண்டும் ஒரே மாதிரி சுற்றிவந்து ஒரே தப்பான எண்ணைக் காட்டின. தணிக்கைக்காக வைத்த ஏற்பாடே இங்கே கண்ணை மூடிக்கொண்டது.

பிரீமியத் தொகைகளைக் கூட்டும் புலங்களை எப்போதோ பெரிதாக்கியிருந்தார்கள். பணம் தப்பினால் கணக்குத் துறை அடுத்த நாளே கேட்கும். ரெக்கார்டு எண்ணிக்கையைக் கேட்க ஆள் இல்லை. பழைய புரோகிராம்களில் எங்கே தேடலாம் என்பதற்கு இது ஒரு நல்ல துப்பு: யாரும் படிக்காத புலங்கள்தான் இன்னும் பழைய அளவிலேயே இருக்கும்.

எல்லா சோர்ஸிலும் 9(7) என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், அதில் பாதி தேதியும் கிளை எண்ணுமாக இருக்கும். அதனால் ஃபைலிலிருந்து தொடங்கினோம். ஜே.சி.எல்.-இல் இந்த மாஸ்டரையோ அதன் இறக்கத்தையோ திறக்கும் ஸ்டெப்கள் எவை, அவற்றின் புரோகிராம்கள் எவை, அவற்றில் ரீடுக்கும் ரைட்டுக்கும் அடுத்து வரும் ஆட் கட்டளைகள் எவை என்று பட்டியல் எடுத்தோம். கைக்கு அடங்கும் பட்டியல் கிடைத்தது. அவற்றை எஸ்9(11) ஆக்கினோம்.

அதிக நாள் பிடித்தது டிரெய்லர் ரெக்கார்டு. வெளி நிறுவனத்துக்குப் போகும் எக்ஸ்ட்ராக்ட்டின் கடைசி ரெக்கார்டில் மொத்த எண்ணிக்கைக்கு 7 இடம்தான் ஒதுக்கியிருந்தது, அதை ஒட்டியே தொகைப் புலம். எங்கள் பக்கம் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் பெறுகிறவர்களும் மாற்ற வேண்டும், அதே இரவில் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய புலத்தைத் தொடாமல், டிரெய்லரின் பின்பகுதியில் சும்மா கிடந்த ஃபில்லர் என்ற காலி இடத்தில் 11 இலக்கப் புதுப் புலம் ஒன்றைச் சேர்த்தோம். அவர்கள் தயாரானதும் புதியதைப் படிக்கத் தொடங்கினார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டி வரவில்லை. ஃபைல் ஒரு கோடியைத் தொடுவதற்கு முன்பே இது முடிந்தது.

வேகம் பற்றிச் சுருக்கமாக

ரின்யூவல் ஜாப் ஏஜென்ட் கோடு வரிசையில் வரும் டிரான்சாக்‌ஷன்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் மாஸ்டரில் தாறுமாறாகத் தேடியது. ஃபைல் சிறிதாக இருந்தபோது அது உறுத்தவில்லை. இப்போது டிரான்சாக்‌ஷன்களை முதலில் பாலிசி எண் வரிசையில் சார்ட் செய்து, மாஸ்டரையும் அதே வரிசையில் கூடவே படித்துப் பொருத்துகிறோம். கடைசியில் வரும் ரிப்போர்ட்டை மட்டும் ஏஜென்ட் வரிசைக்கு மறுபடி சார்ட். இரண்டு சார்ட் சேர்த்தும் மொத்த நேரம் வெகுவாகக் குறைந்தது. ஒரு இரவில் மாஸ்டரில் சிறு பகுதி மட்டுமே தொடப்படும் ஜாப்களில் தேடலையே விட்டுவைத்து, ஜே.சி.எல்.-இல் இன்டெக்ஸ் பஃபரை, அதாவது இன்டெக்ஸை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடத்தை, கூட்டினோம். ஒன்றும் சொல்லாவிட்டால் விசாம் எடுத்துக்கொள்வது டேட்டாவுக்கு 2, இன்டெக்ஸுக்கு 1. இவ்வளவு பெரிய ஃபைலுக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

மிச்சமிருந்த ஒன்று

ஏஜென்ட் கோடு கொண்டு தேடுவதற்கு மாஸ்டர் மேல் ஓர் ஆல்டர்னேட் இன்டெக்ஸ், அதாவது வேறொரு சாவியால் தேட உதவும் துணைப் பட்டியல், உண்டு. ஒரு ஏஜென்ட்டுக்கு அதில் ஒரே ரெக்கார்டு: 5 பைட் தலைப்பு, 6 பைட் ஏஜென்ட் கோடு, அதன் பிறகு அவருடைய ஒவ்வொரு பாலிசிக்கும் 10 பைட் சாவி. அந்த ரெக்கார்டின் அதிகபட்ச நீளம் 32,600 என்று டிஃபைன் ஆகியிருந்தது. ஆக ஒரு கோடின் கீழ் 3,258 பாலிசிதான் நிற்கும். அதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கப் போனால், மாஸ்டரில் எவ்வளவு இடம் இருந்தாலும் சேர்ப்பு தோற்கும்.

சாதாரண ஏஜென்ட் யாரும் அந்த எண்ணிக்கைக்கு அருகில் கூட இல்லை. ஆனால் ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக விற்கும் பாலிசிகளுக்கெல்லாம் ஒரே பொதுக் கோடு கொடுத்திருந்தார்கள், அது 3,000-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. நீளத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, அந்தப் பொதுக் கோடை மாநிலவாரியாகப் பிரிக்கச் சொன்னோம். வணிகத் தரப்பு ஒப்புக்கொண்டது. கோடுகளை மாற்றி, ஆல்டர்னேட் இன்டெக்ஸை மறுபடி கட்டும் பில்ட்இன்டெக்ஸ் கட்டளையை ஓட்டினோம். இப்போது வாரம் ஒருமுறை ஓடும் கண்காணிப்பு ஜாப், லிஸ்ட்கேட்டிலிருந்து மாஸ்டரின் அளவை எடுப்பதோடு, ஒவ்வொரு கோடின் கீழும் எத்தனை பாலிசி என்று எண்ணி, 2,500-ஐத் தாண்டியவற்றைப் பட்டியலிட்டு அனுப்புகிறது.